மூச்சும் இரத்தமும் கூடுமிடம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இம்மேடையில், அவ்விரண்டிற்கும் நடுவே நுரையீரலைப் பற்றிப் பேசுமாறு நம் சங்கத்தார் எங்களைப் பணித்திருக்கின்றனர். உண்டு களித்து அமர்ந்திருக்கும் அவையில் இது சற்றுக் கடினமான பணிதான். ஆயினும், இன்று இந்நகரில் விரல் நுனியில் மாட்டும் சிறு கருவியைக் காணாத தமிழ்க் குடும்பம் அரிது. கோவிட் நோயின் இரண்டாம் அலை 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரை உலுக்கியபோது, அது காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் பலர் உறங்கினர், பலர் உறங்காதிருந்தனர். ‘ஐயா, கருவி 85 காட்டுகிறது, அப்பாவோ நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார், கருவி கெட்டுவிட்டதா?’ என்று நள்ளிரவில் எங்களைக் கேட்டோர் உண்டு. கருவி கெடவில்லை. கெட்டது வேறொன்று. அது யாது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நுரையீரல் என்றதும் காற்றடைத்த பை என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது காற்றும் இரத்தமும் முகத்தோடு முகம் பார்க்கும் ஒரு பெருஞ்சந்தை. மூச்சுக் குழல் கிளை கிளையாகப் பிரிந்து முப்பது கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. ஒவ்வோர் அறையையும் மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோலச் சூழ்ந்திருக்கின்றன. ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவருடைய காற்றறைகளுக்கு நிமிடந்தோறும் சுமார் 4 லிட்டர் புதுக்காற்று வருகிறது. அதே நிமிடத்தில் இதயம் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அங்கே அனுப்புகிறது. ஒரு சிவப்பணு அச்சந்தையில் தங்குவது முக்கால் விநாடி நேரம். அதற்குள் கரியமில வாயுவை இறக்கிவிட்டுப் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டும். உடல்நலம் உள்ளவர்க்குக் கால் விநாடியே இதற்குப் போதும். எஞ்சிய அரை விநாடி கையிருப்பு.

4 லிட்டர் காற்று, 5 லிட்டர் இரத்தம். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மொத்தக் கணக்குச் சரியாக இருந்தும் மனிதர் மூச்சுத் திணறி மாய்ந்துபோகலாம். நம் நகரத்து பஸ்களைக் கொண்டே இதனைப் பார்ப்போம். மெஜஸ்டிக்கில் நூறு பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஏறுவதற்கு ஆள் இல்லை. சிவாஜிநகரிலோ பயணிகள் நெருக்கித் தள்ளுகின்றனர், பஸ்கள் இரண்டே. நகரம் முழுவதற்கும் பஸ்ஸையும் பயணியையும் எண்ணினால் குறையே தெரியாது. எனினும் வேலைக்குச் செல்ல வேண்டியவர் தெருவிலேயே நிற்பார். பஸ் என்பது இரத்தம். பயணி என்பது பிராணவாயு. காற்று வராத அறைக்கு இரத்தம் செல்லுதல் வெறும் பஸ் ஓட்டுவது. இரத்தம் வராத அறைக்குக் காற்றுச் செல்லுதல் பயணியைக் காக்கவைப்பது. ஒவ்வோர் அறைக்கும் வரும் காற்றுக்கும் அங்கே பாயும் இரத்தத்திற்கும் உள்ள விகிதத்தையே மருத்துவர்கள் அளக்க விரும்புகின்றனர்.

‘ஒரு பகுதி பழுதுபட்டால் மற்றைப் பகுதி சேர்த்து உழைக்கட்டுமே’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. விடை பஸ்ஸின் இருக்கைகளில் இருக்கிறது. நல்ல காற்றறையைக் கடந்துவரும் இரத்தத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு இருக்கைகள் முன்பே நிறைந்துவிட்டன. அங்கே இருமடங்கு காற்றை ஊட்டினாலும் மேலும் ஓரிருவரே ஏறலாம். பழுதுபட்ட பாதியிலிருந்து 70 விழுக்காடு நிறைந்த இரத்தம் வருமாயின், இரண்டும் கலந்தபின் 84தான். நல்ல பகுதி எவ்வளவு பாடுபட்டாலும் கெட்ட பகுதியின் கடனை அடைக்க இயலாது. கரியமில வாயுவின் செய்தி வேறு. அதற்கு இருக்கைக் கட்டுப்பாடு இல்லை. நல்ல பகுதி வேகமாக மூச்சுவிட்டால் கெட்ட பகுதியில் தங்கிய கரியமில வாயுவையும் சேர்த்து வெளியேற்றிவிடும். நமக்கு மூச்சுத் திணறல் என்னும் உணர்வை முதன்மையாகத் தூண்டுவது பிராணவாயுவின் குறைவன்று, கரியமில வாயுவின் மிகுதியே. ஆகவேதான் கருவி 85 காட்டிய பெரியவர் அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் உடலில் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை; ஆனால் வீடு பற்றிக்கொண்டிருந்தது.

இயற்கை இதற்கு ஒரு காவலும் வைத்திருக்கிறது. 1946ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர்களான ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் என்னும் இருவர் பூனைகளிடம் செய்த ஆய்வில் ஒரு வியப்பைக் கண்டனர். உடலின் ஏனைய உறுப்புகளில் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நுரையீரலில் மட்டும் அவை சுருங்குகின்றன! காற்று வராத அறைக்கு இரத்தம் போய்ப் பயனில்லை என்று, வழியை அடைத்து, காற்றுள்ள அறைக்கு அதனைத் திருப்பிவிடும் ஏற்பாடு இது. மடை மாற்றும் உழவனைப்போல நுரையீரல் தன் பாசனத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. கோவிட் நோயாளிகள் பலரிடம் இந்த மடை மாற்றல் ஒழுங்காக நடைபெறவில்லை என்றும், நுண்குழாய்களில் இரத்தம் உறைந்து வேறு வகையிலும் குழப்பம் விளைந்தது என்றும் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

அந்நாளில் நம் அரசாங்கத்தின் சுகாதார அமைச்சகம், கருவி 94க்குக் கீழே காட்டினால் குப்புறப் படுக்குமாறு அறிவுரை வெளியிட்டது நினைவிருக்கலாம். கைவைத்தியம் என்று எள்ளியவர்களும் இருந்தனர். அது கைவைத்தியமன்று. மல்லாந்து படுக்கையில் முதுகுப் பக்கத்து நுரையீரல் இதயத்தாலும் வயிற்றாலும் அமுங்கிக் காற்றிழந்து கிடக்கிறது. இரத்தமோ அங்கேதான் மிகுதியாகப் பாய்கிறது. குப்புறப் படுத்தால் அப்பகுதி விரிந்து காற்றுப் பெறுகிறது. இரத்தப் பாய்ச்சல் பெரும்பாலும் அங்கேயே நீடிக்கிறது. இரண்டும் பொருந்துகின்றன. செயற்கை மூச்சில் இருந்த கடும் நோயாளிகளிடம் பிரெஞ்சு மருத்துவர்கள் செய்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரும் ஆய்வில், இவ்வாறு நாளில் நெடுநேரம் குப்புறப் படுக்கவைக்கப்பட்டோரில் 28 நாட்களுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 16 பேர். மல்லாந்தே கிடந்தோரில் ஏறத்தாழ 33 பேர். மருந்து ஏதுமின்றிப் படுக்கையைத் திருப்பியதனால் மட்டும் விளைந்த வேற்றுமை இது!

இனி, இந்தப் பொருத்தத்தை அளப்பது எப்படி? நம் ஊருக்கே உரிய ஒரு செய்தியிலிருந்து தொடங்குவோம். பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் காற்றின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 760 மில்லிமீட்டர். இங்கே ஏறத்தாழ 685. மூச்சுக் குழலில் காற்றுடன் கலக்கும் நீராவிக்கு 47ஐக் கழித்து, எஞ்சியதில் பிராணவாயுவின் பங்காகிய நூற்றுக்கு 21ஐ எடுத்தால், சென்னைக்கு 150, பெங்களூருக்கு 134 கிடைக்கும். கரியமில வாயு காற்றறையில் பிடித்துக்கொள்ளும் இடத்திற்காக இன்னும் 50 கழிக்க வேண்டும். ஆக, சென்னைவாசியின் காற்றறையில் பிராணவாயுவின் அழுத்தம் 100. அவரே காலையில் ரயிலேறி இங்கு வந்து இறங்கினால் 84. தண்ணீர் மாறுவதுபோல் காற்றும் மாறுகிறது. நல்லவேளையாக இருக்கைகள் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ நிறைந்துவிடுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. அங்கே 98 காட்டிய விரல் இங்கே 96 காட்டலாம், அவ்வளவே.

ஆயினும் அறுபது வயதுடைய ஒருவரின் தமனி இரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராணவாயுவின் அழுத்தம் 70 என்று அறிக்கை வருகிறது. அவர் பெங்களூரில் இருப்பின், காற்றறையில் 84, இரத்தத்தில் 70, இடைவெளி 14. அந்த வயதிற்கு இது இயல்பு. அவரே சென்னையில் இருப்பின், காற்றறையில் 100, இரத்தத்தில் 70, இடைவெளி 30. அங்கே அவர் நோயாளி. ஒரே எண், ஓர் ஊரில் நலம், மற்றோர் ஊரில் நோய்! காற்றறைக்கும் இரத்தத்திற்கும் உள்ள இந்த இடைவெளிதான் பொருத்தமின்மையை அளக்கும் எளிய கோல். சென்னையில் உள்ள மகனுக்கு அறிக்கையைக் கைப்பேசியில் அனுப்பிக் கருத்துக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அனுப்புகையில் இரத்தம் எடுத்த ஊரையும், அப்போது செயற்கையாகப் பிராணவாயு ஊட்டப்பட்டதா என்பதையும் சேர்த்து எழுதுமாறு வேண்டுகிறோம்.

இக்கணக்கு பிறந்தது மருத்துவமனையில் அன்று, போர்க்களத்தின் நிழலில். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் உயரப் பறந்து மயங்கி விழுந்ததைக் கண்டு, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபென், ரான், ஓட்டிஸ் என்னும் மூவர் ஆராய்ந்து 1946இல் வெளியிட்டனர். 1949இல் ரைலியும் கூர்நாந்தும் நோயாளிகளிடம் பயன்படும் வகையில் அதனை வளர்த்தனர். இந்தக் கூர்நாந்தே இதயத்துள் குழல் செலுத்தும் முறைக்காக 1956இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். விமானிகளின் மூச்சை ஆராயும் நிலையம் ஒன்று நம் நகரிலேயே இருப்பதைப் பலர் அறியார். 1957இல் விமான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற இந்திய விமானப்படையின் அந்நிறுவனம், இன்று விண்வெளி மருத்துவ நிறுவனமாக விளங்குகிறது. மலை உயரத்துத் தாழ்ந்த அழுத்தத்தைத் தரையிலேயே உண்டாக்கும் அறையும், மனிதரை வைத்துச் சுழற்றும் பெரும் பொறியும் அங்கே உண்டு.

சுழற்றுவது எதற்கு? நுரையீரலில் பாயும் இரத்தம் புவியீர்ப்புக்கு அடிமை. இதனை முதன்முதல் அழகாக அளந்து காட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜான் வெஸ்ட். லண்டனில் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 1955 முதல் சைக்ளோட்ரான் என்னும் அணுப்பொறி இயங்கிவந்தது. அதில் உண்டாகும் ஒருவகைக் கதிரியக்கப் பிராணவாயுவின் ஆயுள் மிகக் குறைவு. இரண்டே நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். அதனைக் கரியமில வாயுவில் இணைத்து, ஒருவரை ஒரு மூச்சு உள்ளிழுத்து நிறுத்தச் சொல்லி, மார்பின் மேல் பல இடங்களில் எண்ணுங்கருவிகளை வைத்தனர். எந்த இடத்தில் இரத்தம் வேகமாகப் பாய்கிறதோ அங்கே கதிர் விரைந்து மறையும். 1960இல் வெஸ்டும் டாலரியும் வெளியிட்ட முடிவு இது: நிமிர்ந்திருக்கும் மனிதரின் நுரையீரலில் அடிப்பகுதிக்குப் பேராறு பாய்கிறது, உச்சிக்கோ வாய்க்கால் நீர்தான். காற்றும் அடியில்தான் மிகுதி. ஆனால் அவ்வளவு ஏற்றத்தாழ்வு இல்லை. ஆகவே உச்சியில் காற்றின் பங்கு இரத்தத்தைப்போல் மும்மடங்குக்கு மேல். அடியில் அது 0.6 அளவே. நலமுள்ளவரின் நுரையீரலிலேயே இவ்வளவு வேறுபாடு!

இதிலிருந்து ஒரு துணைச் செய்தி. வளர்ந்தோரிடம் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் உச்சியைப் பற்றுவதை மருத்துவர் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். இரத்தம் குறைந்து காற்று மிகுந்த உச்சியில் பிராணவாயு தேங்கி நிற்கிறது. காசக் கிருமி பிராணவாயுவை விரும்புவது. ஆதலின் அங்கே செழிக்கிறது என்பது ஒரு விளக்கம். தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்திருப்பதும் இதே நகரில்தான். அதனை 1960இல் திறந்துவைத்தவர் ஜவாஹர்லால் நேரு.

ஈர்ப்பே அனைத்திற்கும் காரணமோ என்று சோதிக்க 1991இல் அமெரிக்க விண்கப்பல் ஒன்றில் ஆய்வுக்கூடம் வைத்து விண்வெளி வீரர்களின் மூச்சை அளந்தனர். ஏற்றத்தாழ்வு குறைந்தது, ஆனால் மறையவில்லை. குழாய்களின் கிளையமைப்பே ஓரளவு சமமின்மையை உண்டாக்குகிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

வெஸ்ட் பின்னர் அமெரிக்கா சென்று, வாக்னர், சால்ட்ஸ்மன் ஆகியோருடன் 1974இல் வெளியிட்ட முறை இன்றும் இத்துறையின் உரைகல். உடலோடு வேதி வினை புரியாத ஆறு வாயுக்களை உப்பு நீரில் கரைத்துக் கை நரம்பின் வழியே மெல்லச் செலுத்துகின்றனர். அவற்றுள் ஒன்று இரத்தத்தில் கரையவே விரும்பாதது, மற்றொன்று, அசிட்டோன், எளிதில் விட்டு நீங்காதது, ஏனையவை இடைப்பட்டவை. கலியாண விருந்தினரை நினைத்துக்கொள்ளுங்கள். கைகழுவிய கையோடு புறப்படுபவர் ஒருவர். தாம்பூலம் வாங்கிய பின்னும் திண்ணையை விட்டு அகலாதவர் ஒருவர். கதவு சற்றே திறந்திருந்தாலும் முதலாமவர் போய்விடுவார். அவரும் உள்ளே அகப்பட்டிருந்தால் கதவு முற்றும் அடைத்திருக்கிறது என்று பொருள். அதாவது, காற்றே இல்லாத அறை வழியாக இரத்தம் போயிருக்கிறது. திண்ணையாரும் வெளியேறிவிட்டாரெனின் அங்கே காற்று மிக மிகுதி. ஆறு வாயுக்களும் இரத்தத்தில் எவ்வளவு தங்கின, மூச்சில் எவ்வளவு வெளிவந்தன என்று கணக்கிட்டு, நுரையீரல் முழுவதிலும் எவ்வெவ்விகிதத்தில் எவ்வளவு இரத்தம் பாய்கிறது என்னும் வரைபடத்தையே தீட்டிவிடலாம். அழகிய முறை, ஆனால் உழைப்பு மிகுதி. ஆகவே ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அன்றாட மருத்துவத்திற்கு அது வரவில்லை.

அன்றாட மருத்துவத்தில் உள்ளது படம் எடுக்கும் முறை. டெக்னீஷியம் என்னும் கதிரியக்கப் பொருளைப் புரதத் துகள்களில் ஏற்றி நரம்பில் செலுத்தினால், அவை நுரையீரலின் நுண்குழாய்களில் ஆயிரத்தில் ஒன்றிற்கும் குறைவானவற்றில் சிக்கி, இரத்தம் செல்லுமிடத்தை ஒளிர்ந்து காட்டும். அப்பொருளையே நுண்பனியாக்கி மூச்சில் இழுத்தால் காற்றுச் செல்லுமிடம் தெரியும். இந்தப் பனியை உண்டாக்கும் கருவியை மும்பைத் திராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமே உருவாக்கியது நமக்குப் பெருமை. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, காற்று இருந்தும் இரத்தம் இல்லாத இடம் தென்பட்டால், காலிலிருந்து கிளம்பிய இரத்தக் கட்டி நுரையீரல் தமனியை அடைத்திருக்கலாம் என்று ஐயுறுகின்றனர். நெடுநேரம் பஸ்ஸிலும் விமானத்திலும் கால் மடக்கி அமர்வோர், அறுவை முடிந்து படுத்திருப்போர், பிள்ளை பெற்றோர் ஆகியோர்க்கு வரக்கூடிய ஆபத்து இது. இக்காலத்தில் சி.டி. படம் பெரும்பாலும் இதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆயினும் சி.டி.க்குரிய மருந்தைச் சிறுநீரகம் தாங்காதவர்க்கும், நாட்பட்ட அடைப்பைத் தேடுவதற்கும் பழைய முறையே கைகொடுக்கிறது.

இறுதியாகத் தங்கவயலைப் பற்றிச் சில சொற்கள். இந்த அவையில் தங்கவயலிலிருந்து வந்த குடும்பத்தார் பலர் இருக்கின்றீர்கள். வடார்க்காடு, சேலம் முதலிய இடங்களிலிருந்து சென்ற தமிழர் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பொன் எடுத்தனர். பொன் இருந்தது குவார்ட்ஸ் என்னும் வெண்பாறையில். அதைத் துளைக்கும்போது எழும் தூசு காற்றறையில் புகுந்தால் வெளியேறுவதில்லை. முடிச்சு முடிச்சாக வடுவாகிறது. இந்தியாவில் சிலிகோசிஸ் என்னும் அந்நோய் முதலில் அறிவிக்கப்பட்டது கோலார் தங்கவயலிலிருந்துதான் என்று 1947ஆம் ஆண்டைக் குறித்து மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பெற்றன. தூசோ மூடிய நாளோடு நிற்பதில்லை. வேலையை விட்டு ஆண்டுகள் பல கழிந்த பின்னும் வடு வளரக்கூடியது.

வடு வந்த நுரையீரலில் நடப்பது நாம் இதுவரை கூறிய அதே கதைதான். சில இடங்களில் இரத்தக் குழாய் நசுங்கிக் காற்று வீணாகிறது. சில இடங்களில் காற்றுக்குழல் நசுங்கி இரத்தம் வீணாகிறது. ஆனால் எக்ஸ்ரே படம் வடுவின் நிழலைத்தான் காட்டும், இப்பொருத்தத்தைக் காட்டாது. படத்தில் நிழல் மிகுந்தும் ஓரளவு நன்றாக நடப்பவர் உண்டு. நிழல் குறைந்தும் மாடிப்படி ஏற மாட்டாதவர் உண்டு. படத்தை மட்டும் வைத்து ‘உமக்கு ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட முதியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அமர்ந்த நிலையில் விரற்கருவியும் 95 காட்டும். அதுவும் அவருக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடும்!

உண்மை வெளிப்படுவது நடக்கும்போதுதான். நடக்கையில் இதயம் விரைகிறது; சிவப்பணு காற்றறையில் தங்கும் நேரம் சுருங்குகிறது; முன்னே சொன்ன அரை விநாடிக் கையிருப்பு கரைகிறது. நலமுள்ளவர் அதனைத் தாங்குவார். தடித்த சுவரும் பொருந்தாத பாய்ச்சலும் உடையவர் தாங்கார். 95 இறங்கி 88க்கு வரும். இதற்கென வகுக்கப்பட்டதே ஆறு நிமிட நடைச் சோதனை. சமதரையில் முப்பது மீட்டர் நீளமுள்ள நடைவழி, ஒரு கடிகாரம், விரற்கருவி, அருகில் பயிற்சி பெற்ற ஒருவர், இவை போதும். சைக்ளோட்ரானும் வேண்டா, ஆறு வாயுக்களும் வேண்டா. உங்கள் வீட்டில் தங்கவயலிலோ, கல்லுடைக்கும் இடத்திலோ, வார்ப்படச் சாலையிலோ உழைத்த பெரியவர் இருந்து, ‘நடந்தால் இரைக்கிறது’ என்று சொன்னால், வயதாயிற்று என்று விட்டுவிடாமல் நெஞ்சு மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அமர்ந்த எண்ணோடு நடந்த எண்ணையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அவர் முன்பு செய்த வேலையையும், செய்த ஆண்டுகளையும் தவறாமல் சொல்லுங்கள். கேட்டால்தான் பல மருத்துவர்கள் அதனைக் குறித்துக்கொள்கின்றனர்.

நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னே காத்திருக்கின்றனர். ஐயம் உள்ளோர் விருந்துக்கூடத்தில் எங்களை அணுகலாம்.